53 மணியா, பத்து மணியா, இறை இரக்கமா? அன்றாடச் செபத்துக்கு எந்த மாலை

செபமாலை பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். ஆளுக்கு ஆள் உருவம் மாறும், அவ்வளவே.

“தினமும் 53 மணி சொல்லத் தொடங்கினேன், மூன்றாவது வாரத்தில் விட்டுப்போனது. பத்து மணி மட்டும் சொன்னால் குறையா?” என்பார் ஒருவர். “மூன்று மணிக்கு இறை இரக்க செபமாலை சொல்கிறேன். அதுவே போதுமா, இரவில் மாதா செபமாலையும் சொல்ல வேண்டுமா?” என்பார் இன்னொருவர். “வீட்டில் ஒரு இழப்பு. மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளைச் சொல்ல வாய் வரவில்லை” என்று வேறொருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். (ஒவ்வொரு பத்து மணிக்கும் மனதில் நிறுத்தும் இயேசு, மாதா வாழ்க்கைக் காட்சிதான் மறையுண்மை.) மூவர் கையிலும் மணிகள் இருக்கின்றன. எந்த வழியில் உருட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பதிலுக்கு முன் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடலாம். இவற்றில் எதுவும் கட்டாயம் கிடையாது. ஞாயிறு திருப்பலி கடமை. செபமாலை பக்தி முயற்சி. 1974-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் மரியன்னை வணக்கம் பற்றி எழுதிய ஊக்கவுரையில் செபமாலையைப் பத்தி பத்தியாகப் புகழ்ந்தார். கூடவே, இது மிகச் சிறந்த செபம்தான், ஆனாலும் விசுவாசிகள் இதன்முன் அமைதியான சுதந்திரத்தோடு இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நேர்ச்சையாகவோ துறவற சபையின் ஒழுங்காகவோ ஏற்றுக்கொண்டவர்கள் கதை வேறு. மற்றவர்கள் ஒரு நாள் விட்டுப்போனதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டி வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், உங்களுடைய மோசமான நாள். தியானக் கூட்டம் முடிந்து வந்த இரவில் எத்தனை மணியும் லேசாகத்தான் தெரியும். வேலை இழுத்தடித்து, தலைவலியோடு, சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூடத் தெம்பில்லாத நாளில் என்ன சொல்ல முடியும்? அந்த நாளைத் தாங்குவதுதான் அன்றாடச் செபம். நல்ல நாளில் அதற்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உங்கள் மனம் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பது. சிலருக்குக் காட்சி வேண்டும். மாட்டுத் தொழுவம், கானா ஊர்த் திருமணம், கல்லறை வாசல் என்று ஒன்று கண்முன் நின்றால்தான் மனம் அமரும். சிலருக்குக் காட்சியே தொந்தரவு. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் போதும், அடங்கிவிடுவார்கள்.

அப்புறம், தனியாகச் சொல்கிறீர்களா, வீட்டாரோடு கூடியா. எவ்வளவு மனப்பாடம் தேவை. நடுவில் அறுந்தால் மறுபடி பிடிக்க முடியுமா என்பவை. கடைசியாகச் சொன்னதைப் பலரும் யோசிப்பதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

“எதற்குப் பலன் அதிகம்?” என்ற கேள்வியை வேண்டுமென்றே இந்த வரிசையில் சேர்க்கவில்லை. திருச்சபை தரும் பரிபூரண பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனை முழுவதும் நீங்குவது, பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன். ஆனால் மாலைகளை ஏலக்கடையில் வைத்து விலை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

| வழி | கணக்கு | நிதானமாகச் சொன்னால் | தனி மாலை வேண்டுமா? | எங்கே இடறும்? |
|---|---|---|---|---|
| 53 மணி | 53 அருள் நிறைந்த மரியே (மாதாவை வாழ்த்தும் செபம்), 6 பரலோக மந்திரம் (இயேசு கற்பித்த செபம்) | சுமார் 20 நிமிடம் | வழக்கமான மாலை | வேகம், பின்னால் சேரும் செபங்கள் |
| பத்து மணி | 10 அருள் நிறைந்த மரியே, 1 பரலோக மந்திரம் | 4, 5 நிமிடம் | வேண்டாம். மோதிரமோ விரல்களோ போதும் | “அப்புறம் சொல்லலாம்” |
| இறை இரக்கம் | 50 சிறு மணி, 5 பெரிய மணி | 7, 8 நிமிடம் | வழக்கமான மாலையே போதும் | மூன்று மணிக் கவலை |
| ஏழு வியாகுலம் | 52 அருள் நிறைந்த மரியே, 7 பரலோக மந்திரம் | 25 நிமிடம் வரை | ஏழேழு மணி கொண்ட மாலை | நாள்பட்டால் கனம் |

நேரக் கணக்கு என் வாய்க் கணக்கு. ஒரு “அருள் நிறைந்த மரியே” தமிழில் அவசரமில்லாமல் சொன்னால் பதினைந்து நொடி பிடிக்கும். 53-க்குப் பதிமூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மறையுண்மையை அறிவித்து மூச்சு விட்டுச் சொன்னால் இருபது. பத்தே நிமிடத்தில் முடிக்கிறேன் என்பவர்களை நான் பாராட்டுவதில்லை.

## 53 மணி: வீடு மாதிரி, பராமரிப்பும் உண்டு

வழக்கமான மாலையில் மணிகளை எண்ணினால் 59 வரும். அருள் நிறைந்த மரியேக்கு 53 (ஐந்து பத்தும் தொடக்கத்தில் மூன்றும்), பரலோக மந்திரத்துக்கு 6. பெயரில் இருப்பது முதல் எண் மட்டும். பழைய 153 மணி இதன் மூன்று மடங்குச் சுற்று: 150-உம் தொடக்கத்தின் 3-உம். அந்த 150 திருப்பாடல்களின் எண்ணிக்கை. திருப்பாடல்களைப் படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாகச் சொன்ன செபம் என்பதால், மரியாவின் திருப்பாடல் நூல் என்றே இதற்கு ஒரு பெயர் இருந்தது.

2002 அக்டோபர் 16 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு திருமடல் வழியாக ஒளி நிறை மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்தார். கணக்கு 203 ஆனது. அதோடு திருப்பாடல் எண்ணிக்கை உடைந்துபோனது என்று வருந்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய ஐந்தைச் சொல்வதைத் தனி ஆட்களின், குழுக்களின் விருப்பத்துக்கே விடுவதாக அந்தத் திருமடலிலேயே அவர் எழுதியிருக்கிறார். ஆகவே 153-லேயே நிற்பவர் கீழ்ப்படியாதவர் ஆகிவிட மாட்டார். நான் அந்த ஐந்தையும் சொல்கிறவன். பழைய வரிசையில் கோவிலில் காணாமல்போன பன்னிரண்டு வயதுச் சிறுவனிலிருந்து நேராகக் கெத்சமனித் தோட்டத்துக்குத் தாவிவிடுவோம். நடுவில் ஒரு வாழ்க்கையே இருந்ததே!

53 மணியின் பெரிய பலம் வாரச் சுழற்சி. திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயர், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. நற்செய்தியைத் திறக்காமலேயே ஒரு வாரத்தில் கபிரியேல் வாழ்த்து முதல் மாதாவின் முடிசூட்டு வரை ஒரு சுற்று வந்துவிடுகிறோம். காட்சி வேண்டும் என்று மனம் கேட்பவர்களுக்கு இதைவிட வேறொன்று கிடையாது.

இதிலேயே ஒரு இடறலும் உண்டு. ஒளி நிறை மறையுண்மைகளில் மூன்றாவது, இறையாட்சியை அறிவித்தது. மற்றவற்றுக்கெல்லாம் ஒரு இடம், ஒரு நேரம், சில முகங்கள் இருக்கும். இதற்கு ஒன்றும் கிடையாது, மூன்று ஆண்டுப் பணியும் ஒரே வரியில். வியாழக்கிழமை நடுவில் மனம் கழன்று ஓடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரரை இறக்கும் காட்சியை எடுத்துக்கொள்வேன், மாற்கு இரண்டாம் அதிகாரம். கட்டிலின் நான்கு மூலைக்கும் நான்கு பேர் இருக்கிறார்கள், மனதுக்கு வேலை கிடைத்துவிடும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம்.

பின்னொட்டு முதலாவது. ஐந்து பத்து முடிந்ததும் கிருபை தயாபத்து மந்திரம், மாதா பிரார்த்தனை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒன்று, மரித்தவர்களுக்காக ஒன்று, மிக்கேல் சம்மனசுக்கு ஒன்று, குடும்பத்துக்கு வேண்டிய புனிதர்களுக்கு ஆளுக்கொன்று. இருபது நிமிடச் செபம் நாற்பது நிமிடம் ஆகும். ஒவ்வொன்றும் நல்ல செபம்தான், யாரும் எதையும் எடுக்க மனம் வராமல் சேர்த்துக்கொண்டே போகிறோம். வீட்டுச் செபமாலையிலிருந்து பிள்ளைகள் நழுவுவது ஐந்து பத்துகளால் என்று நான் நினைக்கவில்லை. வாலால்தான். 53-ஐத் தேர்ந்தால் வாலின் நீளத்தையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

வேகம் இரண்டாவது, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு தவக்காலத்தில் தினமும் 153 என்று தீர்மானித்தேன். இரண்டாம் வாரத்திலேயே ஓட்டக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். அன்று எந்த மறையுண்மையில் மனம் நின்றது என்று கேட்டால் தெரியாது. எத்தனை நிமிடத்தில் முடித்தேன் என்று கேட்டால் சுத்தமாகச் சொல்வேன். தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று ஆறாம் பவுல் எழுதியது எனக்கே எழுதியது போலிருந்தது.

கூடிச் சொல்லும்போது வேகம் இன்னொரு சேதம் செய்கிறது, அதுவும் தமிழில் தனியாக. இலத்தீனில் செபத்தின் முதல் பாதி “இயேசு” என்ற பெயரில் முடியும். முன்மொழிபவர் பெயரைச் சொல்லி நிறுத்துவார், மற்றவர்கள் தொடங்குவார்கள். இரண்டு பாதியையும் இணைக்கும் கீல் அந்தப் பெயர்தான் என்று யோவான் பவுலும் எழுதினார். தமிழ் வாக்கியம் அப்படி முடியாது. “கனியாகிய இயேசுவும்” என்றபின் “ஆசி பெற்றவரே” வந்தாக வேண்டும். அதற்குள் பின்வரிசை “புனித மரியே” என்று பாய்ந்துவிடும். வேகம் கூடக் கூட முதலில் “ஆசி பெற்றவரே” முழுங்கப்படும், அப்புறம் பெயரே முழுங்கப்படும். அடுத்த முறை கூட்டத்தில் காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள்.

மருந்தும் அந்தத் திருமடலிலேயே இருக்கிறது. சில நாடுகளில் இயேசுவின் பெயரோடு அந்த மறையுண்மையைக் குறிக்கும் சில சொற்களைச் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அது பாராட்டுகிறது. தமிழுக்கு இது தைத்து வைத்தது போலப் பொருந்தும், பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தானே வரும்: “கனியாகிய, எங்களுக்காக இரத்த வியர்வை சிந்திய இயேசுவும் ஆசி பெற்றவரே.” ஒட்டுப்போட்ட சாயலே இருக்காது. வேகமும் தானாகக் குறையும்.

(ஒரு துணைச்செய்தி. 2001-ல் இத்தாலிய மருத்துவ ஆய்வாளர்கள் 23 பேரை இலத்தீனில் இதே செபத்தைச் சொல்ல வைத்து மூச்சை அளந்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது, இதயத் துடிப்பின் சந்தமும் சீரானது. நம் வீட்டு வேகத்தில் அளந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.)

பரிபூரண பலன் பற்றிய கணக்கும் இங்கே. கோவிலிலோ சிற்றாலயத்திலோ, குடும்பமாகவோ, துறவற இல்லத்திலோ, பக்த சபையிலோ செபமாலை சொன்னால் பரிபூரண பலன். வேறு இடத்தில் தனியாகச் சொன்னால் பகுதிப் பலன். ஐந்து பத்துகளையும் இடைவிடாமல், வாய்விட்டு, மறையுண்மைகளைத் தியானித்துச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவத்தின்மேல் பற்றின்மை ஆகிய வழக்கமான நிபந்தனைகளும் சேரும். ஆக, இரண்டு பேராவது கூடும் வீடு என்றால் 53 மணிக்குத் தட்டு சாயும்.

ஒன்று மட்டும் கூடாது. திருப்பலி நடக்கும்போது செபமாலை உருட்டுவது தவறு என்று 1974 ஊக்கவுரை வெளிப்படையாகவே சொல்கிறது. நேரத்தை அங்கே மிச்சம் பிடிக்க முடியாது.

## பத்து மணி: சிறியது, ஆனால் அனாதை இல்லை

பத்து மணி சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள், ஏதோ முழுச் சாப்பாட்டுக்குப் பதில் தின்பண்டம் தின்றது போல. அவர்களுக்குச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது.

1826-ல் பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிகோ என்ற இளம்பெண் ஒரு ஏற்பாடு செய்தார். பதினைந்து பேர் ஒரு குழு. ஒவ்வொருவருக்கும் ஒரு மறையுண்மை. ஆளுக்குத் தினம் ஒரு பத்து மட்டும் சொன்னால் குழு முழு 150-ஐயும் முடித்துவிடும். வாழும் செபமாலை என்று பெயர். அது அவர் ஊரைத் தாண்டிப் பல நாடுகளுக்குப் பரவியது. 2022 மே 22 அன்று அதே லியோனில் அவருக்கு அருளாளர் பட்டமும் கிடைத்தது. அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்தில் பத்தே மணியும் ஒரு மோதிரமும் கொண்ட குறுமாலையைச் சட்டைக் கைக்குள் மறைத்துச் சொன்னார்கள். மோதிரத்தை விரல் மாற்றி விரல் மாட்டினால் எத்தனையாவது பத்து என்று தெரிந்துவிடும்.

மோசமான நாள் என்ற அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான். கைக்குழந்தை வைத்திருப்பவர், இரவுப் பணிக்காரர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், விட்டுப்போய் மறுபடி தொடங்குகிறவர் என்று இவர்களுக்கெல்லாம் தயங்காமல் பத்து மணி என்பேன். அறுந்தாலும் இழப்பு நான்கு நிமிடம். நிதானமாகச் சொன்ன பத்து, ஓடிச் சொன்ன ஐம்பதைவிட மனதில் தங்கும். இது இறையியல் கூற்று இல்லை, என் அனுபவம்.

செலவு எங்கே? சின்னது என்பதால் தள்ளிப்போகும். நான்கு நிமிடம்தானே, குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என்று படுக்கைவரை இழுபடும். இருபது நிமிடச் செபத்துக்கு நேரம் ஒதுக்குவோம்; நான்கு நிமிடத்துக்கு யாரும் ஒதுக்குவதில்லை. ஆகவே ஏதாவது ஒரு வேலையோடு கட்டிப்போடுங்கள், வண்டியின் சாவியைப் போடுமுன், விளக்கை அணைத்தபின் என்று.

இன்னொன்று, மறையுண்மை. தினமும் முதலாவதையே எடுத்தால் ஆண்டு முழுக்கக் கபிரியேல் வந்துகொண்டே இருப்பார், குழந்தை பிறக்கவே பிறக்காது. இருபதையும் வரிசையாக, நாளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது நாளில் ஒரு சுற்று. நேற்று எங்கே விட்டோம் என்று மறந்தாலும் பரவாயில்லை, பிடித்த இடத்தில் நுழையலாம்.

## இறை இரக்க செபமாலை: மணி அதே, மூச்சு வேறு

மாதா செபமாலைக்கு இது சுருக்கப் பதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மணி ஒன்றுதான், செபம் வேறு. இதன் பத்துகளில் யாரையும் வாழ்த்துவதில்லை, மறையுண்மை மாறுவதில்லை. பெரிய மணியில் இயேசுவின் உடலையும் இரத்தத்தையும் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கிறோம். சிறு மணிகளில் அவர் பட்ட பாடுகளைச் சொல்லி “எங்கள்மீதும் அகில உலகின்மீதும் இரக்கமாயிரும்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஐந்து பத்துகளிலும் ஒரே விண்ணப்பம்.

போலந்து நாட்டுத் துறவி புனித பவுஸ்தீனா கோவால்ஸ்கா 1935 செப்டம்பரில் வில்னியுசில் இதைப் பெற்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1938-ல், முப்பத்து மூன்று வயதில் இறந்தார். இதன் பயணம் சுமுகமாக இருக்கவில்லை. அவர் முன்வைத்த வடிவத்தில் இந்தப் பக்தியைப் பரப்பக் கூடாது என்று 1959-ல் உரோமை தடை விதித்தது. 1978 ஏப்ரல் 15-ல்தான் தடை நீங்கியது. அதற்கு ஆறு மாதம் கழித்து, பவுஸ்தீனாவின் புனிதர் பட்டப் பணியைக் கிராக்கோவில் தொடங்கி வைத்த பேராயரே திருத்தந்தை ஆனார். 2000 ஏப்ரல் 30 அன்று பட்டம் கொடுத்தவரும் அவர்தான், இரண்டாம் யோவான் பவுல். ஏறக்குறைய இருபது ஆண்டுத் தடையைப் பொறுத்திருந்த பக்தி என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

நோயாளியின் படுக்கையருகே இதற்கு நிகரில்லை. எட்டு நிமிடம். கிழமை பார்க்க வேண்டாம், புத்தகம் வேண்டாம், மறையுண்மை நினைவில் இல்லை என்ற பதற்றம் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் கிறிஸ்தவர் அல்லாதவர்கூட மூன்றாவது மணியில் பதிலைப் பிடித்துக்கொள்வார். மருத்துவமனையில் ஒரு நீண்ட இரவில் எனக்கு வேறெந்தச் செபமும் வாயில் நிற்கவில்லை, இது மட்டும் நின்றது. ஒரே சொல்லில் அடங்கும் மனம் உள்ளவர்களுக்கும் இதுவே இயல்பான வழி.

மறைந்திருக்கும் செலவு, அந்த மூன்று மணி. இயேசு உயிர்விட்ட நேரம் என்பதால் அந்த வேளை சிறப்பானது, சரி. ஆனால் எந்த நேரத்திலும் சொல்லலாம். மூன்று அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் “இன்றைக்குத் தவறிவிட்டது” என்று மாலையைப் பைக்குள் போட்டுவிடுபவர்களைப் பார்க்கிறேன். இரக்கத்துக்கு அலுவலக நேரம் வைத்தது யார்?

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் இதை மட்டுமே சொன்னால் பெத்லகேமும் கானாவும் எம்மாவு வழியும் நம் செபத்திலிருந்து மங்கிப்போகும். பெரிய வெள்ளி மட்டும் மிஞ்சும். அதனால் “இதுவே போதுமா?” என்று கேட்பவருக்கு என் பதில்: கடமை என்று பார்த்தால் போதும், ஆண்டு முழுவதற்குமான உணவு என்று பார்த்தால், வாரம் இரண்டு நாளாவது ஒரு பத்து மணியைப் பக்கத்தில் வையுங்கள்.

## ஏழு வியாகுல செபமாலை: துக்கம் வந்த வீட்டுக்கு

முதலில் கேட்ட மூன்றாமவருக்கு இதுதான். மாதாவின் ஏழு வியாகுலங்களுக்கு, அதாவது துயரங்களுக்கு, ஏழு தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பரலோக மந்திரமும் ஏழு அருள் நிறைந்த மரியேயும். கடைசியில் மாதாவின் கண்ணீரை நினைத்து மூன்று. கூட்டினால் 52 வருகிறது, 53-க்கு ஒன்று குறைவு! நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வியாகுலத்துக்கும் முன் நிற்பதால் நேரம் கூடும்.

உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னது, எகிப்துக்கு ஓட்டம், மூன்று நாள் மகனைத் தேடியது, சிலுவை வழியில் சந்தித்தது, சிலுவையடியில் நின்றது, உடலை மடியில் வாங்கியது, அடக்கம் செய்தது. கடைசி வியாகுலத்தோடு செபம் நின்றுவிடுகிறது, உயிர்ப்பு இதில் வராது. துக்கத்தில் இருப்பவரிடம் “எல்லாம் சரியாகிவிடும்” என்று அவசரப்பட்டுச் சொல்லாத ஒரு செபம் என்பதே இதன் சிறப்பு என்று நினைக்கிறேன். மகன் இறந்த வீட்டில் ஆறாவது வியாகுலத்தில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

1233-ல் புளோரன்சில் தொடங்கிய மரியின் ஊழியர் சபை வியாகுல மாதா பக்தியை வளர்த்தது. நம் காலத்தில் இந்த மாலையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ருவாண்டாவின் கிபேகோ. 1981-ல் அங்கே ஒரு பள்ளியில் தொடங்கிய காட்சிகளில் இந்தச் செபமாலையைப் பரப்பும்படி மாதா கேட்டதாகப் பதிவு. 2001-ல் அந்த மறைமாவட்ட ஆயர் காட்சிகளை ஏற்றார். இரண்டுக்கும் நடுவே 1994. அந்த ஊர்க் கோவிலுக்குள்ளேயே இனப்படுகொலை நடந்தது.

செலவுகள்: வழக்கமான மாலையில் ஏழேழாக எண்ண முடியாமல் தடுமாறுவீர்கள், தனி மாலை வேண்டும், அல்லது விரல். தொடக்கத்தில் கையில் ஒரு தாளும் வேண்டும். அதைவிடப் பெரிய செலவு கனம். சிலர் இழப்புக்குப் பின் இதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகள் கழிந்தும் விடமாட்டார்கள், துக்கத்தை விட்டால் போனவரையே விட்டது போலத் தோன்றும். முப்பது நாளோ நாற்பது நாளோ சொல்லுங்கள். பிறகு வெள்ளிக்கிழமைகளுக்கும், செப்டம்பர் 15 வியாகுல அன்னை நினைவுக்கும், தவக்காலத்துக்கும் என்று ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் மகிமை நிறை மறையுண்மைகளுக்குத் திரும்புங்கள்.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

பிரான்சிஸ்கு சபையினரின் ஏழு மகிழ்ச்சி மாலை: ஏழு பத்தும் இரண்டும், 72. மாதா இவ்வுலகில் வாழ்ந்ததாக மரபு சொல்லும் ஆண்டுகளின் கணக்கு. அழகான செபம், ஆனால் 53-க்கே நேரம் போதாதவருக்கு 72 எதற்கு? திருவிழா நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதிதூதர் மிக்கேல் மாலை: வானதூதர் அணிகள் ஒன்பதுக்கும் ஒவ்வொரு வணக்கம், ஒவ்வொன்றிலும் ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மரியே. ஒன்பது வேண்டுதல்களையும் மனப்பாடம் செய்தவர் அபூர்வம், புத்தகம் இல்லாமல் நடக்காது. சோதனைக் காலத்தில் ஒன்பது நாள் சொல்ல நல்லது. அன்றாடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மணி எதில் இருந்தால் என்ன?

மரம், கண்ணாடி, கயிற்று முடிச்சு எதுவானாலும் செபம் ஒன்றே. இருட்டில் தடவினால் பெரிய மணிக்கும் சிறு மணிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. மாலையைக் குருவிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்ளுங்கள். மந்திரித்த பொருளை விற்றால் அதனோடு சேர்ந்த பலன் நின்றுவிடும் என்பது திருச்சபை ஒழுங்கு, ஆகவே “மந்திரித்தே விற்கிறோம்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். விரல் மோதிரம் பயணத்துக்கு வசதி, கூட்டத்தில் கண்ணை உறுத்தாது. போன் செயலி மறையுண்மைகளைக் கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு உதவும். அதற்குப் பிறகு அதன் செலவு உங்களுக்கே தெரியும்: முதல் பத்திலேயே யாரோ அனுப்பிய செய்தி மேலே இறங்கும், கபிரியேல் காத்துக்கொண்டு நிற்பார்.

என் வழக்கம் இது. வார நாட்களில் பத்து மணி, சனியும் ஞாயிறும் வீட்டாரோடு 53, யாராவது நோயில் கிடந்தால் இறை இரக்கம். வாய் திறக்கவே தெம்பில்லாத இரவுகளும் வரும். அப்போது மணிகளை மட்டும் விரலில் நகர்த்திக்கொண்டு கிடப்பேன். பலன் கணக்கில் அது சேராது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. 1858-ல் லூர்து குகையில் பெர்னதெத் செபமாலை சொன்னபோது காட்சியில் தோன்றிய பெண்மணியும் தம் மாலையின் மணிகளை நகர்த்தினாராம், உதடு அசையவில்லையாம். திரித்துவப் புகழ் வரும்போது மட்டும் சேர்ந்துகொண்டாராம். நானோ ஐந்தாவது மணியைத் தாண்டுமுன் தூங்கிவிடுவேன். காலையில் மாலை தலையணைக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கும்.